ஆப்பிரிக்காவில் அரிய மண் தேடும் கம்பெனி: அப்பாவின் பணத்தைப் போடலாமா?

7 ஜூன் 2025 (கேள்வி, வில்லியனூரிலிருந்து)

அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மூன்று லட்சத்தை ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனியின் பங்கில் போடச் சொல்லிச் சித்தப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். அந்தக் கம்பெனி கிழக்கு ஆப்பிரிக்காவில் அரிய மண் தனிமங்கள் தேடுகிறது. போன வாரம் வந்த அறிக்கையில் "34 மீட்டருக்கு 2.4 சதவீதம்" என்று போட்டிருக்கிறார்கள். ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டதிலிருந்து இந்த மாதிரிப் பங்குகள் ஏறுகின்றன, கார் கம்பெனிகளே காந்தம் கிடைக்காமல் தவிக்கின்றன, இதை விட்டால் பிடிக்க முடியாது என்கிறார். 2.4 சதவீதம் நல்லதா? கண்டுபிடித்துவிட்டார்கள் என்றால் சுரங்கம் வந்துவிடும்தானே? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

7 ஜூன், இரவு

தம்பி, பணத்தை இன்னும் அனுப்பவில்லையே? அனுப்பவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பம். சிதம்பரத்தில் ஜியாலஜி படித்தேன். சில வருடம் ஊர் ஊராகப் போய் போர்வெல்லுக்கு இடம் பார்த்துக் கொடுத்தேன். அப்புறம் கிழக்கு ஆப்பிரிக்காவில் நான்கு வருடம், இதே அரிய மண் தேடிய ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. கம்பெனி பெயர், நாட்டின் பெயர் வேண்டாம். துளை போடும் ரிக் பக்கத்தில் நின்று, துளையிலிருந்து வருவதை மீட்டருக்கு ஒரு பையாகக் கட்டி எண் போட்டு அனுப்ப வேண்டும். நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்குப் பின்னால் 34 பை மண் இருக்கிறது.

2.4 சதவீதம் என்றால் ஒரு டன் பாறையில் 24 கிலோ. அந்த 24 கிலோவும் ஒரே பொருள் கிடையாது. லாந்தனைடு வரிசையில் 15, கூடவே ஸ்காண்டியம், இட்ரியம், ஆக 17 தனிமங்களைச் சேர்த்துத்தான் அரிய மண் என்கிறோம். பெரும்பங்கு சீரியமும் லாந்தனமும்தான் இருக்கும், அவை மலிவு. விலை போவது நியோடிமியம், பிரசியோடிமியம், அப்புறம் டிஸ்ப்ரோசியம், டெர்பியம். மின்சார வண்டியின் மோட்டாரிலும் காற்றாலையிலும் இருக்கும் காந்தம் இவற்றால் ஆனது. முதல் இரண்டும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே பரவாயில்லை என்பார்கள். அப்படியானால் டன்னுக்கு ஐந்து கிலோவுக்கும் கீழே. அதுவும் முழுசாகக் கைக்கு வராது.

2.4 குறைவுதான். ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டிலும் கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸிலும் 6 முதல் 8 சதவீதம் வரும். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், கரண்ட் போய்ப் போய் வருகிறது.

8 ஜூன்

முந்திரியை வைத்துச் சொன்னால் நம் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும்.

பண்ருட்டியில் என் மாமா முந்திரி வியாபாரம். உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்தும் மூட்டை மூட்டையாக இறக்குகிறார்கள். சரக்கு வந்ததும் மாமா எடையைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. அங்கங்கே மூட்டையில் கையை விட்டு ஒரு கிலோ சேர்ப்பார். அதை எண்ணுவார், ஒவ்வொன்றாக வெட்டிப் பிளப்பார். நல்ல பருப்பு ஒரு தட்டு, சுருங்கியது ஒரு தட்டு, பூச்சி அரித்தது ஒரு தட்டு. இதற்குக் கட்டிங் என்று பெயர். 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு தேறினால் முகம் மலரும். 44 என்றால் பேரம் முதலிலிருந்து தொடங்கும்.

உங்கள் கம்பெனி சொல்லியிருப்பது மூட்டையின் எடையை மட்டும்தான். வெட்டிப் பார்த்த கணக்கு அந்த அறிக்கையில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். "மீட்பு", அதாவது இருப்பதில் கைக்கு வருவது, எத்தனை சதவீதம், எந்தக் கனிமத்தில் இருக்கிறது, கதிர்வீச்சுள்ள தோரியம் எவ்வளவு, யுரேனியம் எவ்வளவு. இந்த நாலும் இல்லாவிட்டால் அது கொட்டை பிளக்காத மூட்டை.

8 ஜூன், சாயங்காலம்

34 மீட்டர் பற்றி ஒன்று விட்டுப்போனது. கனிமப் படலம் சாய்ந்து கிடக்கும்போது அதன் சாய்வோடு ஒட்டித் துளையை இறக்கினால் மீட்டர் கூடும். வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டினால் வில்லை சின்னது, நீளவாக்கில் வெட்டினால் பெரிது, காய் அதேதான். அறிக்கையின் கடைசியில் "உண்மைத் தடிமன்" என்று தனியாக எழுதியிருப்பார்கள். அதைப் படியுங்கள்.

9 ஜூன்

நேற்று முன்தினம் நான் எழுதியதில் ஒன்று அரைகுறை. 2.4 குறைவு என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

தென் சீனாவில் 0.1 சதவீதம்கூட எட்டாத களிமண்ணிலிருந்து எடுக்கிறார்கள். பிரேசிலின் கோயாஸ் மாநிலத்தில் 2024ல் உற்பத்தி தொடங்கிய சேர்ரா வெர்டி சுரங்கமும் இந்த வகைக் களிமண்தான். அங்கே அரிய மண் பாறைக்குள் பூட்டிக் கிடக்கவில்லை, களிமண்ணின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மோனியம் சல்பேட் கரைசலை விட்டால் கழன்று வந்துவிடும். நம் ஊரில் நெல்லுக்குப் போடுகிற அதே உரம். கூடுதலாக, விலை அதிகமுள்ள டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அந்த மண்ணில்தான் அதிகம்.

எதிர்ப்பக்கம், சதவீதம் நன்றாகவே இருக்கும், கனிமம் யூடியலைட் போன்ற சிலிகேட்டாக இருக்கும். அமிலம் விட்டால் கரைசல் கூழாக உறைந்து வடிகட்ட முடியாமல் நிற்கும். மோனசைட், பாஸ்ட்னசைட், செனோடைம், இந்த மூன்று கனிமங்களையும் உடைத்து அரிய மண்ணை எடுக்கத் தெரியும், பல காலமாகச் செய்கிறார்கள். ஆகவே முதலில் கனிமத்தின் பெயர், பிறகுதான் சதவீதம். நான் வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

11 ஜூன்

"கண்டுபிடித்துவிட்டார்கள் என்றால் சுரங்கம் வந்துவிடும்தானே" என்ற கேள்விக்கு வருகிறேன்.

இந்தக் கம்பெனிகள் எப்படித் தேடுகின்றன என்று தெரிந்தால் பதில் தானே வரும். முதலில் வானத்திலிருந்து காந்த அளவும் காமாக் கதிர் அளவும் எடுப்பார்கள். அரிய மண்ணோடு பெரும்பாலும் தோரியம் ஒட்டியே இருக்கும் என்பதால் கதிர்வீச்சுதான் வழிகாட்டி. மவுண்டன் பாஸ் 1949ல் கிடைத்ததே யுரேனியம் தேடிக் கதிர்மானியோடு திரிந்தவர்களால்தான். பிறகு ஓடைப் படிவு, மண் மாதிரி. அப்புறம் ஆள் கையால் சுற்றும் ஆகர் துளை. கடைசியில்தான் ரிக். காற்றழுத்தத்தில் தூளாக வெளியே தள்ளும் ரிக் ஒன்று, வைரப்பல் வைத்துக் கம்பி கம்பியாகப் பாறையை அறுத்தெடுக்கும் ரிக் இன்னொன்று. அந்தப் பாறைக் கம்பியைக் கோர் என்போம்.

கோர் ஷெட்டில்தான் என் வாழ்க்கை போனது. தகரக் கூரை, நீளநீளமான தட்டுகளில் சிவப்பும் பழுப்புமாகக் கோர். அதை நடுவில் அறுத்துப் பாதியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், மறுபாதி அங்கேயே இருக்கும். அறுக்கும்போது வழியும் சேறு செங்கல் நிறத்தில் முழங்கை வரை ஏறும். கார்பனடைட் என்ற கார்பனேட் நிறைந்த பாறையில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சோடா மாதிரி பொங்கும். இருபது பைக்கு ஒன்று, ஏற்கெனவே அளவு தெரிந்த மாதிரியை நடுவில் சொருகி அனுப்புவோம், ஆய்வகம் சரியாக அளக்கிறதா என்று பார்க்க. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது, இன்றும் பிடிக்கிறது.

முடிவுகள் வந்ததும் இருப்பைக் கணக்கிடுவார்கள். ஆஸ்திரேலிய விதிமுறையில் இதற்கு மூன்று படி: ஊகித்தது, சுட்டியது, அளந்தது. ஊகித்த படியை வைத்து, தோண்டி எடுக்கத் தகுந்தது இவ்வளவு என்று அறிவிக்கக் கூடாது. அதற்குப் பிறகு முன்னாய்வு, சாத்திய ஆய்வு, உறுதி ஆய்வு, அனுமதி, கடன், ஆலை. மவுண்ட் வெல்டின் பாறை 1960களிலேயே தெரியும். அதிலிருந்து ஆலைக்கு முதல் சரக்கு போனது 2011ல்.

உங்கள் கம்பெனி எந்தப் படியில் நிற்கிறது? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

12 ஜூன்

"ஊகித்தது" என்று பதில் வந்திருக்கிறது. சரி.

15 ஜூன்

ஒருவர் கேட்டிருக்கிறார்: இவ்வளவு தூரம் ஆப்பிரிக்காவுக்குப் போய்த் தேடுகிறார்களே, நம்மிடம் இல்லையா? இருக்கிறது. உலக இருப்பில் சீனா, பிரேசிலுக்கு அடுத்து நாம்தான், 69 லட்சம் டன். 2024ல் எடுத்தது 2,900 டன். சீனா எடுத்தது 2,70,000 டன்.

இந்த விஷயத்தில் நம்முடைய கதை பழசு. 1909ல் சோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். தேடி வந்த இடம் மணவாளக்குறிச்சி. அன்றைக்கு அவர்களுக்கு வேண்டியிருந்தது தோரியம். விளக்குக்கு.

பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் இருக்கிறதே, அதில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம். ஆஸ்திரியாவின் வெல்ஸ்பாக் கண்ட கலவை. 1885ல் நியோடிமியத்தையும் பிரசியோடிமியத்தையும் முதலில் பிரித்ததும் அதே மனிதர்தான். என் தாத்தா திருவிழாவுக்கு விளக்கு வாடகைக்கு விடுவார். புது மேண்டிலைக் கட்டி ஒரு தரம் எரித்ததும் துணி போய்ச் சாம்பல் வலை மட்டும் நிற்கும். மூச்சு பட்டால் உதிரும். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றி நிற்போம். அந்தச் சாம்பலை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன், மாவு மாதிரி இருக்கும். அதற்கு முப்பது வருடம் கழித்து ஆப்பிரிக்காவில் அதே தோரியத்தை அளக்கும் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

1950ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் தொடங்கினார்கள், 1952லிருந்து ஆலுவாவில் ஆலை. ஆக, எடுப்பதும் உடைப்பதும் நமக்குப் புதிது கிடையாது. காந்தம் வரைக்கும் போகாமல் நடுவில் நின்றுவிட்டோம், அதுதான் வருத்தம்.

16 ஜூன்

வெளிநாட்டில் தேட நம் அரசிடம் கம்பெனி இல்லையா என்றும் கேட்டார்கள். 2019ல் காபில் என்று ஒன்று தொடங்கினார்கள். நால்கோ, இந்துஸ்தான் காப்பர், கனிம ஆய்வு நிறுவனம் மூன்றும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கட்டமார்க்காவில் 15,703 ஹெக்டேரில் ஐந்து நிலப்பகுதிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. அது லித்தியம், அரிய மண் இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜப்பானைப் பாருங்கள். 2010ல் தீவுத் தகராறில் சீனா சரக்கை நிறுத்தியது. மறு வருடமே ஜப்பான் அரசு அமைப்பும் சோஜிட்ஸ் என்ற வர்த்தக நிறுவனமும், மவுண்ட் வெல்ட் சுரங்கத்தை வைத்திருக்கும் லைனாஸ் கம்பெனிக்கு 25 கோடி டாலர் கொடுத்தன. விலை விழுந்தபோதும் கை விடவில்லை. அந்த மாதிரிப் பணம் வேறு, உங்கள் அப்பாவின் மூன்று லட்சம் வேறு. அவர்களுக்குச் சரக்கு வேண்டும், பொறுத்திருக்க முடியும்.

22 ஜூன்

இன்றைக்கு மனசில் இருப்பதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

முந்திரியில் நான் சொல்லாமல் விட்டது ஓடு. ஓட்டில் ஓர் எண்ணெய் இருக்கிறது, பட்டால் தோல் கருகி உரியும். பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொண்டு உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்துப் போகும். என் மாமி ரேகை வைக்கப் போய், கருவி எடுக்காமல் மூன்று தரம் திரும்பி வந்தார். கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது, பருப்பு எங்கெங்கோ போகிறது, ஓடும் எண்ணெயும் இங்கே தங்கிவிடுகின்றன.

அரிய மண்ணிலும் இதே நடக்கிறது. மவுண்ட் வெல்டில் தோண்டுவது ஆஸ்திரேலியா. 2012லிருந்து அதை உடைத்துப் பிரிப்பது மலேசியாவில் குவாந்தான் பக்கத்து கெபெங். தோரியம் கலந்த எச்சம் அங்கேயே குவிந்தது. மக்கள் வருடக்கணக்காகப் போராடிய பிறகுதான், உடைக்கும் முதல் வேலைக்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியிலேயே ஆலை கட்டினார்கள்.

அதற்கும் முன்னால் புக்கிட் மேரா. இந்தப் பெயரை முதலில் என் பெரிய அத்தை சொல்லித்தான் கேட்டேன். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி ஈப்போ போய்ச் சேர்ந்தவர். ஈப்போவுக்குப் பக்கத்துக் கிராமம் அது. 1982ல் ஜப்பானியக் கூட்டில் ஓர் ஆலை வந்தது. வெள்ளீயச் சுரங்கக் கழிவிலிருந்த மோனசைட்டைப் பிரித்தார்கள். எச்சத்தை எங்கே போடுவது என்று முன்கூட்டியே முடிவாகவில்லை. 1984ல் பாப்பான் கிராமத்தில் குழி வெட்டப் போனபோது அந்த ஊரே திரண்டு மறித்தது. புக்கிட் மேராவில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது என்று ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992ல் ஈப்போ உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, மேல்முறையீட்டில் அது மாறியது, ஆனாலும் 1994ல் ஆலையை மூடினார்கள். சுத்தம் செய்ய மட்டும் சுமார் 10 கோடி டாலர் ஆனது. அத்தை கடைசிவரை அந்தப் பக்கத்துக் காய்கறி வாங்க மாட்டார்.

தம்பி, பங்கு வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் எந்தக் கம்பெனி அறிக்கையை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது ஓடு யார் வாசலில் கொட்டப்படும் என்பதைத்தான். அதைச் சொல்லாத கம்பெனிக்கு என் பணம் இல்லை.

23 ஜூன்

நெய்வேலிக்காரர் ஒருவர், "எல்லாச் சுரங்கமும் இப்படித்தான், எங்களுக்கு 1956லிருந்து தெரியும்" என்று எழுதியிருக்கிறார். நிலம் போகிற வலியில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வேலை வேறு. பழுப்பு நிலக்கரியை எடுத்து அப்படியே கொதிகலனுக்கு அனுப்பலாம். இதை எடுத்த பிறகு நூற்றுக்கணக்கான தொட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைசலையும் எண்ணெயையும் கலக்கிக் கலக்கிப் பிரிக்க வேண்டும். 17 பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ரசாயனத்தில் ஒத்திருப்பார்கள், அதனால்தான் அவ்வளவு தொட்டி. உலகத்தில் பிரிக்கும் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் நடப்பதற்குக் காரணம், மண் அங்கே மட்டும்தான் இருக்கிறது என்பதல்ல, அந்தத் தொட்டிகளும் அதில் பழகிய கைகளும் அங்கே இருப்பதுதான். மே மாதம்தான் லைனாஸ் மலேசியாவில் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு எடுத்தது. சீனாவுக்கு வெளியே வணிக அளவில் அதுதான் முதல்.

13 ஜூலை

சித்தப்பா அனுப்பச் சொன்ன செய்தியைப் பார்த்தேன். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, மவுண்டன் பாஸ் சுரங்கம் வைத்திருக்கும் எம்.பி. மெட்டீரியல்ஸில் 40 கோடி டாலர் போடுகிறது, நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோ 110 டாலருக்குக் கீழே போகாமல் பத்து வருடம் விலை உறுதி தருகிறது. இது உங்கள் பங்கை ஏற்றும் என்கிறார்.

நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்துக்கே அரசு தாங்கிப் பிடித்தால்தான் கட்டுபடியாகிறது. அதே மவுண்டன் பாஸை முன்பு வைத்திருந்த மோலிகார்ப் 2015ல் திவாலானது. 2011ல் விலை எகிறியபோது அதன் பங்கை வாங்கியவர்களும் சித்தப்பா சொல்கிற காரணத்தைத்தான் சொன்னார்கள்.

17 ஆகஸ்ட், இரவு

பழைய நோட்டுகளைக் காயவைத்துக் கொண்டிருந்தேன். போன வருடம் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை புகுந்ததில் அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்தது. ஆப்பிரிக்க நோட்டு நான்கில் இரண்டு பிழைத்தது. ஒன்றில் துளை மூடும் படிவத்தின் நகல் ஒட்டியிருக்கிறது, கீழே என் கையெழுத்து. இதை எழுதிவிடுகிறேன்.

அங்கே மலையடிவாரத்து மண்ணை முதலில் பார்த்தபோது கேப்பர் மலைக்கே திரும்பி வந்தது போல இருந்தது. அதே சிவப்பு, மழைக்குப் பிறகு அதே வாசனை. ஊர்த் தலைவர் நாங்கள் போன முதல் நாளே கேட்டார், எப்போது வேலை தருவீர்கள் என்று. மேலதிகாரி "சீக்கிரம்" என்றார். அந்தப் பாஷையில் அதை மொழிபெயர்த்துச் சொன்ன ஓட்டுநரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான்காவது வருடம் விலை விழுந்தது, பணம் வருவது நின்றது. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. ரிக் ஒரே வாரத்தில் போய்விட்டது.

போட்ட துளை ஒவ்வொன்றையும் அடைத்து, மேலே மண் மூடி, பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கடைசி இரண்டு வரிசையை அடைக்க சிமெண்ட் இல்லை, ஆள் இல்லை. எல்லாம் மூடியாயிற்று என்று படிவம் வந்தது. ஊருக்குப் போகிற டிக்கெட் அதோடுதான் வந்தது. கையெழுத்துப் போட்டேன். கிளம்புகிற அன்று காலை ஒரு பையன் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான், முன்னங்கால் துளைக்குள் மாட்டி முறிந்திருந்தது. ஒரு சாண்கூட அகலமில்லாத துளை. அவன் என்னைத் திட்டவில்லை. எந்தத் துளை என்று கையைக் காட்டினான், அவ்வளவுதான். நானும் ஓட்டுநரும் கற்களைப் பொறுக்கிப் போட்டு, தெரிந்தவரை மூடிவிட்டு வண்டி ஏறினோம். தெரியாதவை எத்தனை என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கக் கூடாது.

18 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ தேடவே கூடாது என்கிறீர்களா" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. மின்சார பஸ் வேண்டும், காற்றாலை வேண்டும், எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ஏற்றும் காடோலினியமும் இதே குடும்பம்தான். தேடத்தான் வேண்டும். துளையை மூடுவதற்கான பணத்தைத் துளை போடுவதற்கு முன்பே அந்த நாட்டு அரசிடம் கட்டிவைக்க வேண்டும். அப்படிக் கட்டாத கம்பெனியை உள்ளே விடக்கூடாது.

மியான்மரின் கச்சின் மலைகளைப் பாருங்கள். நான் முன்பு எழுதினேனே, உரக் கரைசல், சுலபமாகக் கழன்று வரும் என்று? அதைச் சுலபம் என்று எழுதியதும் இப்போது உறுத்துகிறது. அங்கே மலை உச்சியில் துளை போட்டு அம்மோனியம் சல்பேட்டைக் கொட்டுகிறார்கள், அடிவாரத்துத் தொட்டியில் வடிகிறது. ஓடையும் கூடவே கெடுகிறது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு கட்டுப்பாடு இல்லாமல் பெருகியது. சீனா பிரிக்கும் டிஸ்ப்ரோசியத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வருவதுதான்.

28 செப்டம்பர்

கம்பெனி "அனுமதி கிடைக்கும் என நம்புகிறோம்" என்று எழுதியிருக்கிறதாம்.

கிரீன்லாந்தில் நார்சாக் என்ற சின்ன ஊர், பக்கத்தில் குவானெஃப்யெல்ட் மலை. அரிய மண் கொள்ளையாக இருக்கிறது, கூடவே யுரேனியம். 2007லிருந்து ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனி அங்கே செலவழித்தது. 2021 ஏப்ரல் தேர்தலே அந்தச் சுரங்கத்தை வைத்துத்தான் நடந்தது, எதிர்த்த கட்சி ஜெயித்தது. அதே வருடம் நவம்பரில் யுரேனியம் பத்து லட்சத்தில் நூறு பங்குக்கு மேலிருந்தால் தோண்டக்கூடாது என்று சட்டம் வந்தது. கம்பெனி இன்னும் வழக்கு நடத்துகிறது. பதினான்கு வருடத் துளைகள்.

புருண்டியின் ககாராவில் 2017ல் ஏற்றுமதி தொடங்கி, 2021ல் அரசு நிறுத்தியது. மடகாஸ்கரின் டோலியாராவில் மணவாளக்குறிச்சி மாதிரியே இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த மணல், 2019 நவம்பரில் நிறுத்திய வேலைக்கு 2024 நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்த நாடுகள் செய்ததைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் மண், அவர்கள் கேட்பார்கள். பணம் போடுகிறவர் அத்தனை வருடம் காத்திருக்கத் தயாரா என்பதுதான் கேள்வி. அப்பாவுக்கு 61 வயது என்று சொன்னீர்கள்.

15 நவம்பர்

அக்டோபர் 9ஆம் தேதி சீனா மேலும் ஐந்து தனிமங்களைக் கட்டுப்பாட்டில் சேர்த்தது, பங்கு துள்ளியது. மாதக் கடைசியில் அமெரிக்க, சீன அதிபர்கள் தென் கொரியாவின் பூசானில் சந்தித்தார்கள், அந்தக் கட்டுப்பாட்டைச் சீனா ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்தது, பங்கு இறங்கியது. இந்த ஐந்து வாரத்தில் அந்தக் கம்பெனி ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

30 நவம்பர்

காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 26ஆம் தேதி ஒப்புதல் கொடுத்திருக்கிறது, வருடத்துக்கு 6,000 டன் திறன் இலக்கு. ரொம்ப நாள் காத்திருந்த செய்தி. ஆனால் இதோடு அந்த முந்திரி ஓட்டின் கணக்கும், அதாவது எச்சத்தின் கணக்கும், நம்முடையதாகிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் மணல் எடுப்பதை ஊர் மக்கள் எதிர்க்கிறார்கள் என்றால், அவர்களிடம் தோரியம் எங்கே வைக்கப்படும், அலையடிக்கும் கரை என்னவாகும் என்று உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

காலையில் தேவனாம்பட்டினம் போயிருந்தேன். மழைக்குப் பிறகு அலை ஒதுங்கிய இடத்தில் கறுப்புக் கோடு கோடாக மணல். பழைய ஹார்ட் டிஸ்கைப் பிரித்து எடுத்த காந்தம் ஒன்று, நியோடிமியம்தான், பிளாஸ்டிக் பையில் போட்டு மணல்மேல் இழுத்தேன். கறுப்பு மணி முள் முள்ளாக எழுந்து நின்றது. மிச்சத்தை லென்ஸில் பார்த்தேன், இளஞ்சிவப்பாகக் கார்னெட். தேன் நிறத்தில் ஒரு மோனசைட் மணியாவது இருக்குமா என்று அரைமணி தேடினேன், இன்று கிடைக்கவில்லை. கூட வந்த பேரன் இன்னொரு பை நிரப்பி வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறான்.

14 டிசம்பர்

வில்லியனூர்த் தம்பி எழுதியதைப் பார்த்தேன். அப்பா பணத்தைத் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டுவிட்டாராம், 8.2 சதவீதம் வட்டி. சித்தப்பா தன் பணத்தில் கொஞ்சம் அந்தப் பங்கு வாங்கியிருக்கிறார், இருக்கட்டும்.

எனக்குச் சந்தோஷம் வேறு விஷயத்தில். அப்பா அந்தக் கம்பெனிக்கே மின்னஞ்சல் எழுதி மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்: எந்தக் கனிமம், மீட்பு எவ்வளவு, எச்சம் எந்த ஊரில் கொட்டப்படும். பதிலும் வந்திருக்கிறது. கனிமம் மோனசைட். மீட்புச் சோதனை நடக்கிறது. மூன்றாவதுக்கு, "அடுத்த கட்ட ஆய்வில் முடிவு செய்யப்படும்". அடுத்த கட்டம் எப்போது, அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டீர்களா என்று அப்பா மறுபடி எழுதியிருக்கிறாராம். பதில் வந்தால் இங்கே போடுங்கள்.